கூட்டுப் பொருளின் வெப்பக் கடத்துதிறன்: சராசரி எப்போது சரி?

எஸ்.டி.பி.எம். இயற்பியலில் இரண்டு அடுக்குச் சுவர் கணக்கு வந்தால், பலருடைய கை தானாகவே இரு கடத்துதிறனையும் கூட்டி இரண்டால் வகுக்கப் போகும். "ரெண்டு பொருள்தானே டீச்சர், சராசரி போட்டா என்ன?" என்பார்கள். வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

கடத்துதிறன் என்பது பொருளின் தன்மை. 1 மீட்டர் தடிப்பு, 1 சதுர மீட்டர் பரப்பு, இரு பக்கத்துக்கும் 1 கெல்வின் வேறுபாடு இருக்கும்போது நொடிக்கு எத்தனை ஜூல் கடக்கிறது என்பதே அந்த எண். செம்புக்கு ஏறக்குறைய 400, செங்கல்லுக்கு 0.6 அளவில், பாலிஸ்டைரீன் நுரைக்கு 0.03.

இப்போது 12 செ.மீ. செங்கல் சுவர், அதன் உட்புறம் 2.4 செ.மீ. நுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 10 சதுர மீட்டர். வெளிப்பரப்புக்கும் உட்பரப்புக்கும் 8 பாகை வேறுபாடு. செங்கல்லைத் தாண்டாமல் வெப்பம் நுரைக்கு வர முடியாது. ஆகவே கூட்ட வேண்டியது தடைகளை. தடிப்பைக் கடத்துதிறனால் வகுத்தால் தடை. (தடிப்பை மீட்டருக்கு மாற்றுங்கள், புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான்.)

செங்கல்: 0.12 ÷ 0.6 = 0.2
நுரை: 0.024 ÷ 0.03 = 0.8
மொத்தத் தடை: 1.0
வெப்ப ஓட்டம்: 10 × 8 ÷ 1.0 = 80 வாட்

சராசரியாக 0.315 போட்டவருக்குச் சுமார் 175 வாட் வரும். இரண்டு மடங்குக்கும் மேல்! இன்னொன்றும் கவனியுங்கள்: 8 பாகையில் 6.4 பாகை அந்த மெல்லிய நுரையிலேயே இறங்கிவிடுகிறது. சந்திப்பு வெப்பநிலையைக் கேட்டால் இந்த விகிதம் போதும்.

பொருள்கள் பக்கம் பக்கமாக இருந்தால் கதை வேறு. அதே நுரையை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து எஃகு ஆணிகளால் இறுக்குகிறோம். ஆணிகள் பிடிக்கும் இடம் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இங்கே வெப்பத்துக்கு இரண்டு தனி வழிகள். சராசரி போடலாம், ஆனால் பரப்பின் பங்குப்படி. எஃகின் கடத்துதிறன் 50 என்றால் 0.001 × 50 = 0.05. நுரையின் பங்கு 0.03. கூட்டினால் 0.08. அதாவது கண்ணுக்கே தெரியாத ஆணிகள் நுரையைவிட அதிகமாகக் கடத்துகின்றன. துருப்பிடிக்காத எஃகின் கடத்துதிறன் 16 அளவில்தான். அந்த ஆணியைப் போட்டால் 0.046ல் நிற்கும்.