இரவின் கணக்கு – 11: பாதம் சூடானால் கண் சொக்கும்

மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம் என்பது சென்ற வாரப் பாடம். காரணத்தை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல் படுக்கையிலேயே புரண்டு கிடக்கும் பழக்கத்தை உடைப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான்கைந்து நாட்களாக மனம் முழுக்கப் பாதத்தைப் பற்றிய நினைப்பு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் குர்ட் க்ரோய்ஹி, அன்னா விர்ஸ்-ஜஸ்டிஸ் என்ற ஆய்வாளர்கள் தூக்கத்தின் வாசலில் உடம்பு என்ன செய்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களைப் படுக்கவைத்து, உடம்பின் உள்வெப்பம், இதயத் துடிப்பு, மெலடோனின் சுரப்பு, ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்று அவரவர் வாயால் சொல்வது, எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். விளக்கை அணைத்தபின் ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தூங்குவார் என்பதை இவற்றில் எது சரியாகக் காட்டிக்கொடுக்கிறது? இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்தது வேறோர் அளவு: நடு உடம்பின் தோலோடு ஒப்பிட்டால் கையும் பாதமும் எவ்வளவு கதகதப்பாக இருக்கின்றன என்பது. பாதம் சூடாக இருந்தவர் சீக்கிரம் தூங்கினார். மெலடோனின் மாத்திரைக்கு இன்று இத்தனை விளம்பரம் நடக்கிறதே, அந்த மெலடோனின் அளவைக்கூடப் பாதம் தோற்கடித்தது. 1999-இல் ‘நேச்சர்’ இதழில் சின்னக் குறிப்பாகத்தான் இது வெளிவந்தது. படித்ததிலிருந்து ராத்திரி படுக்கும்போதெல்லாம் கை என்னையறியாமல் காலைத் தொட்டுப் பார்க்கிறது.

காரணம் இதுதான். நம் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. மாலையில் உச்சத்துக்குப் போய், அதிகாலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பம் இறங்கத் தொடங்கும் சரிவில்தான் தூக்கம் வருகிறது. இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வேண்டும். அதற்கான வாசல்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே தோலுக்கு அடியில், தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சிறப்பு ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அவை திறந்தால் சூடான ரத்தம் தோலோரமாகப் பாய்ந்து, சூட்டை இழந்து, குளிர்ந்து திரும்புகிறது. லாரிக்கு ரேடியேட்டர் எப்படியோ, நமக்கு அப்படிப் பாதம். காலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? அந்த வாசல் அடைத்திருக்கிறது, சூடு உள்ளேயே நிற்கிறது என்று பொருள். போர்வைக்குள் எத்தனை நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலும் தூக்கம் சுலபத்தில் வராது.

இந்த உள்வெப்பம் எவ்வளவு பிடிவாதக்காரன் என்பதற்கு ஒரு குகைக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மம்மத் குகை. 1938-ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைட்மன், புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற இளைஞரை அழைத்துக்கொண்டு அதற்குள் இறங்கினார். வெயில் கிடையாது, சேவல் கூவாது, பகலும் இரவும் ஒன்று. குளிர் எப்போதும் 12 டிகிரி. எலியும் பூச்சியும் ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைக் கிருமிநாசினி ஊற்றிய தகரக் குவளைகளுக்குள் நிறுத்தியிருந்தார்கள். நம் வீடுகளில் எறும்புக்குப் பயந்து உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்போமே, அதே ஏற்பாடு. ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, உடம்பு அதற்குப் பழகுகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். 32 நாள் அங்கே இருந்தார்கள். இளைஞர் ரிச்சர்ட்சனின் உடம்பு வளைந்து கொடுத்தது. வெப்ப ஏற்ற இறக்கம் 28 மணி நேரத்துக்கு மாறியது. நாற்பதைக் கடந்த கிளைட்மனின் உடம்போ கடைசிவரை அசையவில்லை. குகை இருட்டிலும் அவருடைய வெப்பம் 24 மணிக் கணக்குப்படியே ஏறி இறங்கியது. அட்டவணை ‘இப்போது தூங்கு’ என்றாலும், வெப்பம் உயர்ந்திருக்கும் நேரத்தில் அவரால் சரியாகத் தூங்க முடியவில்லை.

தாடி வளர்ந்த முகத்தோடு அவர்கள் குகையிலிருந்து வெளியே வரும் புகைப்படம் ஒன்று உண்டு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பிறருடைய தூக்கத்தைப் புரிந்துகொள்ளத் தன் தூக்கத்தைப் பணயம் வைத்த மனிதர் கிளைட்மன். கனவோடு தொடர்புடைய விழியசைவுத் தூக்கத்தை 1953-இல் தம் மாணவர் யூஜின் அசெரின்ஸ்கியோடு சேர்ந்து உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். 104 வயதுவரை வாழ்ந்தார். அவர் மறைந்த ஆண்டு 1999. பாசல்காரர்களின் பாதக் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு.

சரி, நமக்கு என்ன செய்தி? பாதத்தை நாமே சூடாக்கிவிட்டால் அடைத்த வாசல் திறக்கும். சூடாக்கினால் உடம்பு குளிரும் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் நடப்பது அதுதான். படுப்பதற்கு 1 அல்லது 2 மணி நேரம் முன்பு, 40 டிகிரியிலிருந்து 42.5 டிகிரிவரை சூடுள்ள தண்ணீரில் குளித்தாலோ காலை மட்டும் நனைத்து வைத்தாலோ சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசிய டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு 2019-இல் எழுதியது. 10 நிமிடம் போதும். தூங்க எடுக்கும் நேரத்தில் சராசரியாக 9, 10 நிமிடம் குறைகிறது. அரை மணி நேரம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. படுக்கப் போகும் நிமிடத்தில் குளிப்பதைவிடச் சற்று முன்னதாகக் குளிப்பது நல்லது. சூடு வெளியேற உடம்புக்கு அவகாசம் வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் வால்பாறையிலிருந்து ஒரு வாசகர் பேசினார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “சார், என் சம்சாரம் இருந்தவரைக்கும் ராத்திரி கால் கழுவ வெந்நீர் வெச்சுக் கொடுப்பா. அவ போனதும் அதுவும் போச்சு, தூக்கமும் போச்சு” என்றார். துக்கம் தூக்கத்தைத் தின்னும். அதற்கு வெந்நீர் மருந்தாகாது. ஆனால் அந்த மலைக்குளிரில் விறைத்த காலோடு படுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது. வெந்நீரை மறுபடி ஆரம்பியுங்கள், துடைத்துவிட்டுக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போன வாரம் திரும்ப அழைத்தார். “ரெண்டு மணிக்கு முழிப்பு வர்றது நிக்கல சார். ஆனா படுத்ததும் கண் அசந்துடுது.” அவருடைய 2 மணி விழிப்பைப் பற்றி இந்தத் தொடரில் தனியாகவே எழுத வேண்டும்.

அவருக்காகவே இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் யூஸ் வான் சோமரென் குழுவினர், வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் பொருத்திய ஆடையை முதியவர்களுக்கு மாட்டி, தோலின் வெப்பத்தை வெறும் 0.4 டிகிரி உயர்த்தினார்கள். உள்வெப்பத்தைத் தொடவே இல்லை. ஆழ்ந்த தூக்கம் கூடியது; விடியுமுன் விழித்துக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. 0.4 டிகிரி! நாம் தொட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாத அளவு அது.

‘சென்னையில் மே மாதத்தில் வந்து வெந்நீர் பற்றிப் பேசுகிறாயா?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கோடையில் நம் ஊர்களில் பாதம் தானாகவே சூடாக இருக்கும். வாசல் திறந்துதான் இருக்கிறது. வெளியே போன சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றுதான் தயாராக இல்லை. கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் வேறு, வியர்வை காயாது. 68 நாடுகளில் மணிக்கட்டுப் பட்டை அணிந்த 47,000-க்கும் மேற்பட்டவர்களின் இரவுகளைப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வொன்று, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் இரவுகளில் தூக்கம் சராசரியாக 14 நிமிடத்துக்குச் சற்று மேல் குறைவதாகச் சொல்கிறது. நமக்கு அப்படிப்பட்ட இரவுகள் ஒன்றிரண்டா என்ன?

இங்கே செய்ய வேண்டியது: ஈரத்துணியால் கை கால்களைத் துடைத்துவிட்டு, மின்விசிறிக் காற்று பாதத்தில் படும்படி படுங்கள். போர்வை இருந்தாலும் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடைக்குக் கோரைப்பாய்தான் சரி. ஐஸ் தண்ணீரில் காலை முக்க வேண்டாம். அந்த நிமிடம் சுகமாக இருக்கும், ஆனால் ரத்தக்குழாய்கள் சுருங்கி வாசல் அடைத்துவிடும். மாடித் தொட்டித் தண்ணீர் ராத்திரி 9 மணிக்கும் வெதுவெதுப்பாக வருகிறதே என்று இனி அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிலேயே ஒரு குளியல் போட்டுவிட்டு விசிறிக்கு அடியில் உட்காருங்கள்.

புரண்டு கிடக்கும் பழக்கத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்த வழி அடுத்த வாரம் வரும். தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்கிறார் அவர். கேட்கச் சுலபம், செய்யக் கடினம். அதனால் அதற்கு முழுப் பக்கமும் வேண்டும்.

அதுவரை வெந்நீர். ஒரு வேண்டுகோள் மட்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கொதிக்கும் தண்ணீரும் அவர்கள் காலுக்கு வெதுவெதுப்பாகவே தெரியும். வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். வாளியில் காலை வைக்குமுன் வீட்டில் வேறொருவரை முழங்கையால் சூடு பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் வெந்நீர் வேண்டாம், காலுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.