மகரந்தம்: உண்பது எவ்வளவு? உடலில் சேர்வது எவ்வளவு?



மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியிலே நாவுலவைக் கடக்கும்போது, காலை வேளையில் அங்குள்ள தென்னந்தோட்டமொன்றில் சற்று நின்று பாருங்கள். விரிந்த பாளையில் மொய்க்கும் தேனீக்களின் பின்னங்கால்களில் மஞ்சள் நிறச் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். அதுதான் மகரந்தம். தேனீ, பூந்தூளுடன் தன் வாயிலுள்ள தேனைச் சிறிது சேர்த்து உருட்டி, காலிலுள்ள கூடை போன்ற பள்ளத்தில் வைத்துக் கூட்டுக்குச் சுமந்து செல்கிறது. தேன் அதற்கு உழைக்கும் சக்தியைத் தருகிறது. மகரந்தம் புரதத்தைத் தருகிறது.

இந்த உருண்டைகளே இன்று போத்தல்களில் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. தாய்மார் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் வயதான பெற்றோருக்கும் வாங்கிக் கொடுக்கிறார்கள். 'தேனீ தருவதில் நோய் நிவாரணம் உண்டென்று குர்ஆனே சொல்கிறதே' என்று கூறி விற்போரும் உண்டு. 'அந்நஹ்ல்' என்னும் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே கொண்டது என்பது உண்மைதான். ஆனால் அங்கு நிவாரணம் இருப்பதாகக் கூறப்படுவது, தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானத்தில். மகரந்தமோ வயிற்றிலிருந்து வருவதன்று. காலில் சுமந்து வரப்படுவது. எனவே அதன் பயனை அதற்குரிய ஆதாரங்களைக் கொண்டே நாம் அளக்க வேண்டும்.

உடையாத ஓடு

மகரந்தத்தில் புரதமும் கொழுப்பும் விற்றமின்களும் உள்ளன. இவற்றுடன் குவர்செற்றின், கெம்ப்பெரோல் போன்ற பிளேவனொயிட்டு வகைத் தாவரப் பொருள்களும் இருக்கின்றன. உடலின் கலங்களைச் சிதைவிலிருந்து காக்கக்கூடியவை என்று போற்றப்படுபவை இவைதாம்.

ஆனால் ஒரு சிறு உருண்டைக்குள் இலட்சக்கணக்கான மகரந்தமணிகள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு மணியையும் ஓர் ஓடு மூடியிருக்கிறது. அந்த ஓடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களுள் மிக உறுதியானவற்றில் இதுவும் ஒன்று. கடும் அமிலமும் இதை எளிதில் கரைப்பதில்லை. நமது நாட்டின் ஹோட்டன் சமவெளிச் சேற்றுப் படிவுகளில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் வரை பழைமையான மகரந்தமணிகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு அக்காலக் காலநிலையைக் கணித்த ஆய்வு 2003இல் வெளியானது. அத்தனை காலம் மண்ணில் அழியாத ஓட்டை, சில மணி நேரத்தில் நம் வயிறு கரைத்துவிடுமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

வாய் முதல் குடல் வரை

அப்படியானால் பயனே இல்லையா? அப்படியும் இல்லை. தாவரப் பொருள்களில் ஒரு பகுதி ஓட்டின் மேற்பூச்சிலேயே இருக்கிறது. அது உமிழ்நீரிலும் இரைப்பைச் சாற்றிலும் விரைவில் வெளிப்படுகிறது. ஓட்டில் நுண்ணிய துவாரங்களும் உண்டு. அவற்றின் வழியாகச் சமிபாட்டு நொதியங்கள் உள்ளே சென்று, உள்ளிருப்பதில் ஒரு பங்கை வெளிக்கொணர்கின்றன. ஆயினும் வெறும் ஓடாகவும், உள்ளடக்கம் முழுதாக வெளிவராமலும் பல மணிகள் மலத்தோடு கழிந்து விடுகின்றன.

வெளிவந்தவையும் வந்தபடியே இருப்பதில்லை. இரைப்பையில் கடும் அமிலம். சிறுகுடலிலோ பித்தநீரும் சதையியின் சாறும் சேர்ந்து அந்த அமிலத்தன்மையைத் தணித்துவிடுகின்றன. அமிலத்தைத் தாங்கிய சில பொருள்கள் இங்கே சிதைகின்றன. வேறு சில புரதத்தோடும் நாரோடும் பிணைந்து கொள்கின்றன. மகரந்தத்திலுள்ள பிளேவனொயிட்டுகளில் பல, இரண்டு சர்க்கரை மூலக்கூறுகளைச் சுமந்து நிற்பவை. சிறுகுடல் இத்தகையவற்றை எளிதில் உறிஞ்சுவதில்லை. அவை பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பற்றீரியாக்களால் சிறு பொருள்களாக உடைக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி இரத்தத்தில் சேர்கிறது. குடற்சுவரும் ஈரலும் அதையும் மாற்றியமைத்துச் சிறுநீரோடு அனுப்பிவிடுகின்றன. பற்றீரியாக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே கரண்டி மகரந்தம் இருவருக்கு ஒரே பயனைத் தருவதில்லை.

ஆகவே போத்தலில் எழுதியிருக்கும் பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவை பெரும்பாலும் மகரந்தத்தின் சாற்றை ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்து அளந்தவை. கண்ணாடிக் குழாய் வேறு, மனிதக் குடல் வேறு!

தேனீ காட்டும் வழி

தேனீயைப் பாருங்கள். வளர்ப்புத் தேனீக்கள் மகரந்தத்தைத் தாமே உண்டு சமிபாடடையச் செய்கின்றன. பின்பு தம் சுரப்பிகளில் ஊறும் பாலையே இளங்குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. தேனீயே தன் பச்சைக் குஞ்சுக்குக் கொடுக்காததை, நாம் நமது குழந்தைக்கு அவசரப்பட்டுக் கொடுக்கலாமா?

நாம் செய்ய வேண்டியவை

மகரந்தம் உண்ண விரும்புவோர் உருண்டையாக விழுங்காமல் நன்கு அரைத்துக் கொள்ளுங்கள். அரைக்கும்போது ஓரளவு ஓடுகள் உடைவதால் உள்ளிருப்பது வெளிவர வழி ஏற்படும். நீரில் ஊறவைத்தால் உருண்டை கரையும். ஆனால் அதனால் ஓடெல்லாம் உடைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். ஈரமான மகரந்தம் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்ந்ததையே வாங்கி, இறுக மூடி வையுங்கள்.

முதன்முறை உண்பவர் ஓரிரு மணிகளோடு தொடங்க வேண்டும். தொய்வு, ஒவ்வாமை உள்ளோருக்கு மகரந்தம் உயிராபத்தான மூச்சுத் திணறலை உண்டாக்கிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அத்தகையோரும், கர்ப்பிணிகளும், குருதி உறைவைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு அறவே கொடுக்க வேண்டாம். நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ எடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பியிருப்பது பெரும் ஆபத்து.

இறுதியாக ஒன்று. வாங்க வசதியில்லையே என்று எந்த உம்மாவும் கவலைப்பட வேண்டியதில்லை. குவர்செற்றின் வெங்காயத்திலும் உண்டு, முருங்கை இலையிலும் உண்டு. முருங்கை உங்கள் வேலியோரத்திலேயே நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சுண்டிக் கொடுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு முட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.