கொப்பியில் லாபம், இறாக்கையில் நட்டம்: இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்திருந்த 2022 கோடை

கடையில் வியாபாரம் நடக்கிறது. கணக்குக் கொப்பியில் லாபம் தெரிகிறது. ஆனால் மாதம் போகப் போக இறாக்கையில் சாமான் குறைந்துகொண்டே வருகிறது. களவும் போகவில்லை, வீண் செலவும் செய்யவில்லை. அப்படியானால் சாமான் எங்கே போகிறது?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கும் ஜூலை மாதத்துக்கும் இடையில் இந்தக் கேள்வி என்னை வாட்டி எடுத்தது. நாடே விழுந்து கிடந்த அந்த மாதங்களில்தான் என் மனைவி எங்கள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தார். மூத்த மகளுக்கு அப்போது நான்கு வயது. கடையைக் காப்பாற்றுவதா, வீட்டைக் காப்பாற்றுவதா என்று தடுமாறிய அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட ஒரு கணக்கை வியாபாரச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கம் எனக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர்கள். மாதம் 10ஆம் திகதி சம்பளம், இடையில் அட்வான்ஸ். அதற்கேற்ப எங்கள் வியாபாரமும் பாதி கைக்காசு, பாதி கடன் கொப்பி.

அன்று நடந்தது என்ன?

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது. அதுவரை 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்குப் போனது. பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா எல்லாம் டொலரில் வருகிற சாமான்கள்தானே. 400 கிராம் பால்மா பக்கட் மார்ச்சில் ஒரே தடவையில் 540 ரூபாவிலிருந்து 790 ரூபாவானது. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஏப்ரலில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 சதவீதம்.

வாங்குபவர்களின் வருமானமோ கூடவில்லை. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா நாட்சம்பளம்தான் தொடர்ந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையின் பாதிப்பும் கொழுந்தில் தெரிந்தது. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் வேலையும் மேலதிகக் கிலோக் காசும் குறையும். அது அடுத்த 10ஆம் திகதியே எங்கள் லாச்சியில் தெரிந்துவிடும்.

நோன்பில் எடுத்த கணக்கு

அந்த வருடம் நோன்பு ஏப்ரல் முதல் வாரத்தில் ஆரம்பமானது. ஸகாத் கணக்குக்காகக் கடையில் சரக்கு எண்ணினோம். வியாபாரச் சரக்கை வாங்கிய விலையில் அல்லாமல் அன்றைய சந்தை விலையில் மதிப்பிட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. எங்கள் கடையில் கணக்கு எழுதுபவர் மனைவிதான். ஆறு மாத வயிற்றோடு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, நான் எண்ணிச் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு முந்திய வருட நோன்பில் எழுதிய பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

ரூபாவில் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. மூடைகளை எண்ணினால் முந்திய வருடத்தில் பாதிக்குச் சற்றுத்தான் மேல்.

"கொப்பி ஒண்ணும் குறையல்ல எண்டு சொல்லுது. இறாக்கை பாதியாப் போச்சு எண்டு சொல்லுது. ரெண்டுல எது உண்மை?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அதைவிடப் பெரிய கவலை, அந்தக் கொப்பி காட்டிய லாபத்தை நம்பித்தான் பிரசவச் செலவுக்குத் திட்டம் போட்டிருந்தோம். மூத்தவள் கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். இரண்டாவதுக்கும் அப்படியே என்று மாதாமாதம் லாபத்திலிருந்து எடுத்து ஒதுக்கி வந்தேன். பிள்ளைக்காக ஒதுக்குவதாக நினைத்து, பிள்ளையின் சோற்றுப்பானையிலேயே கை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் விளங்கியது.

பத்து மூடை ஏழான கதை

விளங்குவதற்காக வட்டமான எண்களில் சொல்கிறேன். ஒரு மூடை 10,000 ரூபா வீதம் பத்து மூடை பருப்பு வாங்குகிறேன். முதல் 100,000 ரூபா. மூடைக்கு 1,500 ரூபா லாபம் வைத்து விற்று முடிக்கிறேன். லாச்சியில் 115,000 ரூபா. கொப்பி 15,000 ரூபா லாபம் என்கிறது. அதை வீட்டுக்கு எடுக்கிறேன்.

மீதி 100,000 ரூபாவுடன் புறக்கோட்டைக்குப் பேசினால், மூடை இப்போது 14,000 ரூபா. வாங்க முடிந்தது ஏழு மூடை. லாபத்தைத் தொடாமல் முழு 115,000 ரூபாவையும் போட்டிருந்தாலும் எட்டு மூடைதான் வந்திருக்கும். ஆக, லாபம் என்று நான் வீட்டுக்கு எடுத்தது லாபமே அல்ல. அது முதல். லாபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த முதல்.

விலை நிலையாக இருக்கும் காலத்தில் விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் லாபம் கிடைக்கும். விலை ஏறும் காலத்தில் விற்ற விலையிலிருந்து மறுபடி வாங்கும் விலையைக் கழிக்க வேண்டும். போன மூடை திரும்பி வந்து இறாக்கையில் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்குரியது.

கடன் வாங்கி நிரப்பலாமே என்று சிலர் கேட்கலாம். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கடன் வழங்கும் வட்டி வீதத்தை 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரேயடியாக உயர்த்தியது. வட்டிக்கு வாங்கக் கூசாதவர்களுக்கும் அது கட்டுப்படியாகவில்லை.

விலையைக் கூட்டினால் போதாதா?

போதாது. இரண்டு காரணம்.

முதலாவது சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பக்கட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். சாமானை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்வதும், பதுக்குவதும் குற்றம். பழைய விலை அச்சிட்ட பால்மாவைப் புதிய விலைக்கு விற்க முடியாது, விற்கவும் கூடாது. அச்சிட்ட விலை இல்லாத சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் தினமும் காலையில் விலைப் பலகையை மாற்றி எழுதினோம். பக்கட் சாமான்களை அச்சிட்ட விலைக்கே விற்று, அந்தப் பணத்தில் ஒரு சதமும் வீட்டுக்கு எடுக்காமல் அப்படியே சரக்குக்குப் போட்டோம்.

இரண்டாவது, வாங்குபவரின் கை. ஆயிரம் ரூபா நாட்சம்பளக்காரரிடம் எவ்வளவுதான் கூட்ட முடியும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் ஒரு நாள், வந்த பால்மாவில் இரண்டு பக்கட்டை மேசைக்கு அடியில் வைத்தேன். பிறக்கப் போகும் பிள்ளையை நினைத்துத்தான். அன்று மாலை பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர், அவரும் பிள்ளைத்தாய்ச்சி, "மொதலாளி, மூத்தவனுக்கு ஒரு பக்கட் இருக்கா?" என்று கேட்டார். வாயில் "இல்லை" வந்துவிட்டது. உள்ளே இருந்து வந்த மனைவி, ஒன்றும் பேசாமல் குனிந்து ஒரு பக்கட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் முன்னமே சொல்லியிருந்ததைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்: பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், பால்மா தேவையே இல்லை. தேவையில்லாத பயத்துக்காக நான் சட்டத்தையும் மீறி, ஒரு வாடிக்கையாளரையும் இழக்கப் பார்த்தேன்.

கடன் கொப்பி

விலை ஏறும்போது கடனாகக் கொடுக்கிற சாமான், மாதம் முடிந்து பணமாக வரும்போது சுருங்கித்தான் வரும். கொடுத்த நாளில் எழுதிய விலையைப் பிறகு கூட்ட முடியாது. அது நியாயமும் இல்லை, கூடவும் கூடாது. அதற்காகக் கொப்பியை மூடினால், இருபது வருட வாடிக்கை ஒரே வாரத்தில் போய்விடும்.

நாங்கள் செய்தது இதுதான். அரிசி, மா, பருப்பு, தேங்காய் ஆகியவற்றுக்கு மட்டும் கடன். பிஸ்கட், சவர்க்காரம், சிகரட் எல்லாம் கைக்காசு. ஒரு குடும்பத்துக்கு ஓர் எல்லை. சம்பளத்துக்கு மட்டும் காத்திராமல் அட்வான்ஸ் கிடைத்ததும் பாதி கட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டாரையும் கூப்பிட்டு, பருப்பு மூடையின் பழைய பில்லையும் புதிய பில்லையும் காட்டி விளக்கினோம். கோபித்துக்கொண்டு போனவர்கள் சிலர். பெரும்பாலானோர் புரிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கணக்குத்தானே.

வீட்டுக்கு ஒரு சம்பளம்

அதுவரை வீட்டுச் செலவுக்கு நேரே லாச்சியில்தான் கை போகும். மே முதல் வாரம் அதை நிறுத்தினோம். வாரத்துக்கு ஒரு தொகை, வெள்ளிக்கிழமை மட்டும், கையொப்பத்துடன். கடையிலிருந்து எடுக்கும் அரிசியும் சீனியும்கூட அன்றைய விலையில் கொப்பியில் ஏறும். முதல் மாதமே தெரிந்தது, எங்கள் கடையின் ஆகப் பெரிய கடன்காரர் எங்கள் வீடுதான்!

எதைக் குறைப்பது என்பதையும் பேசி முடிவு செய்தோம். கேஸுக்கு வரிசையில் நிற்பதை விட்டு விறகு அடுப்புக்கு மாறினோம். பெருநாள் உடுப்பு மகளுக்கு மட்டும். ஆனால் கர்ப்பிணியின் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. முட்டை, நெத்தலி, கீரை, பருப்பு, கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, இவை தவறவில்லை.

இன்னொரு செலவையும் அப்போதுதான் கண்டேன். மனைவி படுத்துவிட்டால் கணக்கு எழுத ஆள் வேண்டும். கடையில் சம்பளத்துக்கு ஒரு பெண் வேலை செய்தால், பிரசவத்துக்கு 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும். 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் இதே 84 நாள்தான். மனைவியின் உழைப்புக்கு நான் ஒருநாளும் விலை போட்டதில்லை. ஜூன் மாதத்தில் தங்கை மகனுக்குக் கணக்கைப் பழக்கினோம்; அவனுடைய சம்பளத்தைக் கடைச் செலவில் எழுதினோம்.

தூரத்தைக் குறைத்தோம்

பிரசவம் ஜூலை நடுப்பகுதியில் என்றார்கள். கண்டி மருத்துவமனையில் மே மாதத்தில் விசாரித்தபோது, ஜனவரியில் சொன்ன தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தது. பணத்தை விடுங்கள், போக வழி? ஜூன் 26இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஊரில் சிலர் கானில் பெற்றோல் வாங்கி வீட்டில் வைத்தார்கள். விறகு அடுப்பு எரிகிற வீட்டில் அது நெருப்போடு விளையாடுவது. பெற்றோலைத் தேடுவதை விட்டுத் தூரத்தைக் குறைத்தோம். டிக்கோயாவில், 2017இல் இந்திய உதவியுடன் கட்டித் திறந்த ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை, கட்டணமில்லை. அதற்குக் கிட்ட மாமியின் உறவினர் வீடு. ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஜூன் கடைசியிலேயே மனைவியையும் மகளையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம்.

ஹஜ் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், கொட்டும் மழையில், எதிர்பார்த்ததைவிடச் சற்று முந்தியே மகன் பிறந்தான். வலி வந்தபோது நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். நான் செய்தி கேட்டு, மரக்கறி லொறி ஒன்றில் ஏறி, பாதி வழி நடந்து போய்ச் சேர்ந்தபோது, மகள் வாசலில் நின்று, "வாப்பா, தம்பி வந்துட்டான், நீங்கதான் லேட்டு" என்றாள். தாயும் பிள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

பிரசவத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணம் ஏறக்குறைய முழுவதும் அப்படியே இருந்தது. ஆகஸ்டில் அது ஐந்து மூடை பருப்பாகவும் நாலு மூடை சீனியாகவும் இறாக்கைக்குத் திரும்பியது.

முடிவாக

அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. 2023 நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆனால் 2025 நவம்பரில் 'டித்வா' புயல் மலையகப் பாதைகளை அடைத்தபோது சாமான் விலை எப்படித் துள்ளியது என்பதை நாம் மீண்டும் பார்த்தோம். ஆகவே இந்தக் கணக்கு பழையதாகாது.

வருடத்துக்கு ஒரு தடவையாவது சரக்கை ரூபாவில் மட்டுமல்ல, மூடையிலும் எண்ணி எழுதுங்கள். விற்றதைத் திரும்ப வாங்கிய பிறகு மிஞ்சுவதை மட்டும் லாபம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு சம்பளம் வையுங்கள். அதைக் கணக்கு எழுதுபவர் வீட்டு அம்மணியாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஒரு பிள்ளை வரப் போகிறது என்றால், செலவுக்குக் காசு சேர்ப்பதோடு நிற்காமல், செலவே வராத வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் மகன் இப்போது கடையில் மூடைகளின் மேல் ஏறி விளையாடுகிறான். எத்தனை மூடை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறான். கொப்பியைவிட அவன் கணக்கைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.