பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?

திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர். ஆனால் என்னை மாட்டிவிட்டது மைஎஸ்கியூஎல் போட்ட பூட்டு.

ஊரில் ஒரு மருத்துவருக்கு டோக்கன் பதியும் தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஐம்பது அறுபது பேர் வந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. காய்ச்சல் சீசனில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள், தளம் சுற்றிக்கொண்டே நின்றது. நத்தம் பக்கமிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். "போன்ல நம்பரே வரல தம்பி." கேட்டபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

உடனே கருவியைத் திட்டினேன். பிஎச்பி பழசு என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் தூங்காமல் நோட்ஜேஎஸ்-க்கு மாற்றினேன். (2016-ல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை ஒருவர் நீக்கியதும் உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் பில்டு ஆகாமல் நின்ற உலகம் அது. அந்தப் புலம்பல் இன்னொரு நாள்.) பலனில்லை. சர்வரை மூன்றாக்கினேன். இன்னும் மோசம்!

காரணம் இதுதான். ஒரே எண் இருவருக்குப் போகக்கூடாது. அதனால் 'அடுத்த டோக்கன் எண்' இருக்கும் அந்த ஒற்றை வரியைப் பூட்டிவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும். இதுவரை சரி. நானோ பூட்டினேன், எண்ணை எடுத்தேன், எஸ்எம்எஸ் அனுப்பினேன், அதற்குப் பதில் வரும்வரை காத்திருந்து பிறகு திறந்தேன். எஸ்எம்எஸ்-க்கு 2 விநாடி. அப்படியானால் நிமிடத்துக்கு 30 டோக்கன், அவ்வளவுதான். இன்னோடிபி இயல்பாக 50 விநாடிதான் பூட்டுக்குக் காத்திருக்கும், பிறகு பிழை சொல்லிவிடும். அதற்குள் 25 பேர் உள்ளே போவார்கள். மிச்சப் பேர் மறுபடி மறுபடி அழுத்துவார்கள். மைஎஸ்கியூஎல் இயல்பாக ஏற்பது 151 இணைப்புகள். சர்வரைக் கூட்டியது, ஒரே கதவுக்கு முன் கூட்டத்தைக் கூட்டிய கதை.

தட்கல் இதே சிக்கலின் பெரிய உருவம். 2014-ல் ஐஆர்சிடிசி தளத்தைப் புதுப்பித்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆகும் என்று அறிவித்தார்கள். அப்போதும் ஒரு பெர்த் ஒருவருக்குத்தான். எனக்குப் பிடித்தது அடுத்த ஆண்டு செய்த வேலை. ஏசிக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று கூட்டத்தையே பிரித்தார்கள். எந்த ஃபிரேம்வொர்க்கும் சொல்லித்தராத யோசனை அது.

நான் செய்த திருத்தம் சிறியது. எண்ணை எடுத்ததும் 'இவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பணும்' என்று இன்னொரு அட்டவணையில் ஒரு வரி எழுதி, உடனே பூட்டைத் திறந்துவிட்டேன். தனியாக ஓடும் ஒரு நிரல் அதைப் பார்த்து மெதுவாக அனுப்பிக்கொள்ளும். இப்போது பூட்டு சில மில்லிவிநாடிகள்தான். மறுநாள் 7:01-க்கெல்லாம் வரிசை காலி.

சர்வரைப் பழையபடி ஒன்றாக்கிவிட்டேன். நோட்ஜேஎஸ்-ஐ மட்டும் திரும்ப மாற்றவில்லை, வெட்கம்தான். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ போன மாசம் மூணு சர்வருக்கு எதுக்கு பில் கொடுத்தீங்க?"