மனமாதிரியும் மெய்ம்மையும்

மனிதன் புறவுலகின் சிற்றுருவொன்றைத் தன் உள்ளத்தே அமைத்துக்கொண்டு, அதன் துணையாலேயே நிகழ்ந்தவற்றின் காரணத்தையும் நிகழப்போவனவற்றையும் ஊகிக்கின்றான். இக்கருத்தினைக் கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் கெனத் கிரெய்க் 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விளக்கத்தின் இயல்பு’ என்னும் நூலில் எடுத்துரைத்தார். இச்சிற்றுருவே மனமாதிரி எனப்படும். அஃதின்றிச் சிந்தனை நிகழாது; ஆயின், அது பிழைபடின் நுண்ணிய கணக்கும் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரைத் தாக்கிய வாந்திபேதி இதற்குத் தக்க சான்றாகும்.

அழுகிய பொருள்களினின்றும் எழும் நச்சுக்காற்றே அந்நோய்க்குக் காரணம் என அக்கால மருத்துவர் பலர் கொண்டனர். 1848-49ஆம் ஆண்டுகளின் இறப்புக்களைக் கணக்கிட்ட புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார், தேம்ஸ் நதிமட்டத்தினின்று நிலம் உயர உயர இறப்புவீதம் குறைதலைக் கண்டார். நச்சுக்காற்றுத் தாழ்நிலத்தே தேங்கும் என்னும் கொள்கைக்கு அது நன்கு பொருந்திற்று. கணக்குச் சரியே, காரணமே பிழை. தாழ்நிலத்தார் பலர் கழிவு கலந்த நீரைப் பருகினர் என்பது அம்மாதிரியில் முதன்மை பெறவில்லை.

ஜோன் சினோ என்னும் மருத்துவரோ நோய் நீர்வழியே பரவுகின்றது என்றார். 1854இல் புரோட் வீதியை அண்டி ஏறக்குறைய 600 பேர் மாண்டனர். இறந்தோர் பலர் அவ்வீதிப் பம்பியின் நீரைப் பருகியோர் என்று கண்டதுடன் அவர் அமையவில்லை. இரு கொள்கைகளையும் வேறுபடுத்திக் காட்டும் நிகழ்ச்சிகளைத் தேடினார். அவ்வீதியிலிருந்த பியர் வடிசாலையின் தொழிலாளர் அதே காற்றைச் சுவாசித்தனர். பம்பி நீரைப் பருகவில்லை. 70க்கு மேற்பட்ட அவர்களுள் எவரும் மாளவில்லை. தொலைவிலுள்ள ஹம்ஸ்டெட்டில் வாழ்ந்த மாதொருத்தி வேறு காற்றைச் சுவாசித்தாள், அப்பம்பி நீரையே வருவித்துப் பருகினாள், மாண்டாள். இவ்விரண்டையும் நச்சுக்காற்றுக் கொள்கையால் விளக்குதல் அரிது.

சினோ வேண்டியவாறு பம்பியின் கைபிடி அகற்றப்பட்டது. ஆயினும், அவர் கொள்கை பொதுவாக ஏற்கப்படுமுன்னரே, 1858இல், அவர் காலமானார். 1866இல் கிழக்கு இலண்டனில் மீண்டும் நோய் பரவியபோது, ஒரு நீர்வழங்கு கம்பனியின் எல்லைக்குள் இறப்புக்கள் மிக்கிருந்ததைத் தம் கணக்கால் நிறுவியவர், முன்னர் காற்றைக் காரணங்கூறிய அதே பார் ஆவார். மனமாதிரியை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

ஒரு மாதிரிக்கு இசைந்த சான்றுகள் பலவாயினும், எதிர்மாதிரிக்கும் அவை இசையுமாயின், அவற்றால் எதுவும் துணியப்படாது. ஒன்றுக்கு இசைந்து மற்றொன்றுக்கு மாறுபடும் சான்றினைத் தேடுதலே ஆராய்ச்சியாளன் கடனாகும்.