உஷார்! மைக்கில் ஷாக் அடித்தால் பாடாதீர்கள்

ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் கூழும் இரவுக் கச்சேரியும்தான். “மைக்கைத் தொட்டா சுர்ருங்குது” என்று பாடகர் சொல்வார். “செருப்பு போட்டுக்கிட்டுப் பாடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது” என்று பதில் வரும். ஆகும்! சுர்ரென்ற மேடையில் அடுத்த பாட்டே கூடாது. மெயினை இறக்கிவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

1972 மே 3 அன்று வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். இந்த ஆபத்து புரிவதற்கு எளிது. கிதார் கம்பி, ஆம்ப்ளிபயர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக உடம்பு மிக்சர் வழியாகச் சேர்ந்திருக்கும். இரண்டில் ஒரு எர்த் அறுந்து அந்தப் பக்கம் கரண்ட் கசிந்தால், ஒரு கையில் கிதாரும் உதட்டில் மைக்குமாக நிற்கிறவர் உடம்பு வழியாகத்தான் அது பாயும்.

எர்த்தை அறுப்பது யார்? பல மேடைகளில் நம் ஆட்களேதான். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறதா, மூணு பின் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மிக்சர், ஆம்ப், கீபோர்டு மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். லைட்டைத் தனி பேஸில் போடுங்கள். அப்படியும் இரைந்தால், கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது; அது சிக்னல் கேபிளுக்கு மட்டும். பவர் எர்த்தில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

“அதான் எம்சிபி இருக்கே, விழுந்துடும்” என்பார்கள். விழாது. 32 ஆம்பியர் எம்சிபி கேபிள் எரியாமல் காக்க வந்தது. இதயத்தை நிறுத்தச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். அது எம்சிபிக்கு உறைக்கவே உறைக்காது. ஆளைக் காப்பது, கசியும் கரண்டைக் கண்டுபிடித்து லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதுவும் ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டால் நம்ப முடியாததாகிவிடும். மேடையின் இரும்புப் பைப்புகளையும் எர்த்தோடு சேர்த்துக் கட்டுங்கள். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் தொங்கும்.

இனி நியூட்ரல். மூணு பேஸ் லைனில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே சுமார் 400. ஒரு பேஸில் 1000 வாட் பார் லைட் பத்து, அதாவது 43 ஆம்பியர். இன்னொன்றில் மிக்சரும் கீபோர்டும் மட்டும். பொது நியூட்ரல் லூசாகிக் கழன்றால் இரண்டும் தொடராகிவிடும். லைட் பக்கம் வோல்டேஜ் சரியும், மிக்சர் பக்கம் 400-ஐ நெருங்கும். கண் மூடித் திறப்பதற்குள் புகைதான். ஆகவே இணைக்கும்போது நியூட்ரல் முதலில், கழற்றும்போது கடைசியில். எல்இடி லைட் நிறைய ஓடினால் மூணு பேஸின் ஹார்மானிக்ஸும் நியூட்ரலில் வந்து கூடும். அதற்கு மெல்லிய வயர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிளக் இல்லாமல் தீக்குச்சி வைத்து வயரைச் சொருகுவது, மிச்சக் கேபிளைச் சுருளாகவே விட்டு லோடு ஏற்றிச் சூடாக்குவது, இதெல்லாம் சொல்லியும் திருந்தாத பழக்கங்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களே, அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஆர்சிசிபி உண்டா என்று கேளுங்கள். கச்சேரி நாளன்று உங்கள் கண் முன்னால் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அது விழவில்லையென்றால் மேடைக்கு யாரையும் ஏற்றாதீர்கள்.