மதில் கழுவும் தொழில்

மாரி ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்து மதில்கள் பாசி படர்ந்து கருமை கொள்கின்றன. அவற்றைக் கழுவிப் பிழைக்கும் எம் பழைய மாணவரொருவர், கடன்பட்டு இரண்டாவது இயந்திரம் வாங்கலாமா என எம்மை வினவினார். கணக்கேட்டைக் கொணருமாறு பணித்தோம். வேலை செய்த நேரத்தினும் ஊர்தோறும் அலைந்த நேரமே அதில் மிகுந்திருந்தது. நாளுக்கோர் ஒழுங்கை என வகுத்துக்கொண்டால், உள்ள இயந்திரமே கூடுதலாய் உழைக்குமன்றோ?

மற்றொன்றும் கூறினோம். நமது சுண்ணக்கல் நிலத்திற் சிந்தும் குளோரின் கரைசல் கிணற்றை விரைந்தடையும். விசைமிக்க நீரோ பழஞ் சுண்ணச்சாந்தைப் பெயர்க்கும். ஆதலின் பழஞ்சுவருக்குத் தும்புத் தூரிகையே தகும். பாசி ஆண்டுதோறும் வரும். கிணற்றைக் கெடுத்தவரையோ மீண்டும் அழைப்பாரில்லை.

கடனை அடுத்த மாரிவரை ஒத்திவைத்தார் இளைஞர்.